குதிரைத் தலையைக் கண்டவர் யார்?



போர்க்கால இரவுகளில் வானத்தைப் பார்ப்பதென்றாலே நமக்கு அச்சந்தான். பரா வெளிச்சமும் ஷெல்லும் வந்த திசை அது. ஆனாலும் மின்சாரம் இல்லாத அந்த நாட்களில், ஜாம் போத்தல் விளக்கை அணைத்த பின் தெரிந்த அத்தனை நட்சத்திரங்களை இன்று நகரங்களில் காண முடியாது. நான் வசிக்கும் கடுகண்ணாவையிலும் அப்படித்தான். மழை குறையும் தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்தாலும், கிழக்கே கண்டி நகரத்தின் வெளிச்சம் பரவி நின்று மங்கலான நட்சத்திரங்களை மறைத்துவிடுகிறது.

அந்த மாதங்களில் முன்னிரவில், ஒரே வரிசையில் நெருங்கி நிற்கும் மூன்று நட்சத்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டி என்று அவற்றைச் சொல்வார்கள். அவற்றைச் சுற்றி நெபுலா எனப்படும் மாபெரும் வாயு முகில்கள் இருக்கின்றன. சூடான நட்சத்திரங்களின் சக்தியைப் பெற்று அவை ஒளிர்கின்றன. ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய சில நிறங்களில் மட்டுமே ஒளிரும். ஐதரசன் 656.3 நானோமீற்றர் அலைநீளத்தில் சிவப்பாகவும், ஒட்சிசன் 500.7 நானோமீற்றரில் பச்சை கலந்த நீலமாகவும், கந்தகம் ஏறத்தாழ 672 நானோமீற்றரில் கடுஞ்சிவப்பாகவும் ஒளிர்கின்றன.

இந்த ஒளி நகரத்து வெளிச்சத்தில் அமுங்கிப் போகிறது. அதை மீட்டெடுக்க, வானத்தைப் படம் பிடிப்பவர்கள் கமெராவின் முன் ஓர் ஒளிவடிகட்டியை வைக்கிறார்கள். நாம் மா அரிக்கும் அரிதட்டைப் போன்றது அது. குறித்த நிறத்தைச் சுற்றி 3 முதல் 7 நானோமீற்றர் வரையான ஒளியை மட்டும் உள்ளே விடும், மற்றதைத் தடுத்துவிடும். தெருவிளக்கின் ஒளியில் பெரும்பகுதி இவ்வாறு நின்றுவிடுகிறது. வடிகட்டி புதிதாக எந்த ஒளியையும் தருவதில்லை. ஏற்கனவே அங்கிருப்பதை நமக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் உள்ளே வரும் ஒளி மிகக் குறைவு. எனவே பூமி சுழலுவதற்கு ஏற்ப மெதுவாகத் திரும்பும் தாங்கியில் கமெராவைப் பொருத்தி, ஒவ்வொரு படத்தையும் பல நிமிடங்கள் எடுக்கிறார்கள். பிறகு அவ்வாறு எடுத்த பல படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். இந்தக் கருவிகள் விலை கூடியவை. என்றாலும் இவற்றைப் பயன்படுத்துவோரில் பலர் விஞ்ஞானிகள் அல்லர். வேறு தொழில் செய்துகொண்டு, இரவில் ஆர்வத்துடன் வானத்தைப் பார்ப்பவர்கள். பிரான்ஸ், ஜேர்மனி நாடுகளைச் சேர்ந்த அத்தகைய மூவர், ஒட்சிசன் ஒளிக்கான வடிகட்டியுடன் பல இரவுகள் முயன்று, அன்ட்ரோமெடா விண்மீன் கூட்டத்தின் அருகே எவரும் அறிந்திராத பெரிய வாயு வளைவொன்றைக் கண்டறிந்தார்கள். அச்செய்தி 2023இல் வெளியானது.

இவர்கள் எல்லோரும் விரும்பிப் படம் எடுக்கும் ஒன்று, ஓரியனின் இடுப்புப் பட்டிக்கு அருகில் இருக்கிறது. ஒளிரும் ஐதரசனின் முன்னால் கரிய தூசு முகிலொன்று குதிரையின் தலையைப் போல நிற்கிறது. 'குதிரைத் தலை நெபுலா' என்பது அதன் பெயர். அதை முதலில் கண்டவர் யார் தெரியுமா?

அவர் பெயர் வில்லியமினா பிளெமிங். ஸ்கொட்லாந்தில் 1857இல் பிறந்தவர். கணவருடன் அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குப் போனார். அவர் கர்ப்பமாக இருக்கையில் கணவர் கைவிட்டுவிட்டார். பிழைப்புக்காக, ஹார்வர்ட் வான் ஆய்வகத்தின் இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங்கின் வீட்டில் பணிப்பெண்ணாக வேலை செய்தார். 1881இல் ஆய்வகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிவு செய்வது அந்த வேலை. 1888இல் அப்படிப்பட்ட ஒரு தகட்டில், ஒளி முகிலின் ஓரத்தில் அரைவட்டமாக ஓர் இருண்ட வெட்டு இருப்பதைக் கண்டு குறித்து வைத்தார். அதுதான் குதிரைத் தலை.

ஆனால் 1895இல் வெளியான நெபுலா அட்டவணையில் ஹார்வர்ட் கண்டுபிடிப்புகளுக்கு எதிரே 'பிக்கரிங்' என்ற பெயர் மட்டுமே இருந்தது. 1908இல் வந்த அடுத்த அட்டவணையில்தான் அவரது பிற்காலக் கண்டுபிடிப்புகளுக்கு அவருடைய பெயர் இடம்பெற்றது. ஆண்கள் சிலர் 2,500 டொலர் வாங்கிய இடத்தில் தனக்கு 1,500 டொலர் மட்டுமே கிடைப்பதை அவர் 1900ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதி வைத்தார். தனியாக மகனை வளர்த்த ஒரு தாயின் நியாயமான கேள்வி அது. 1911இல் அவர் இறந்தபோது 300க்கு மேற்பட்ட மாறொளி நட்சத்திரங்களையும் 59 வாயு நெபுலாக்களையும் கண்டறிந்திருந்தார்.

தோழியரே, நம்மிடையே குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்கள் எத்தனை பேர்! தோட்டமும் தையலும் கோழி வளர்ப்பும் நம் உழைப்பு. ஆனால் காணி உறுதியிலும் சங்கப் பதிவேட்டிலும் எத்தனை இடங்களில் வேறொருவருடைய பெயர் இருக்கிறது? பிளெமிங் தான் கண்டதைத் தானே குறித்து வைத்தபடியால்தான் பின்னர் வந்தவர்களால் உண்மையை எடுத்துக்காட்ட முடிந்தது. ஆகவே நாம் செய்த வேலையை நாமே எழுதி வைப்போம். பதிவேட்டில் கையொப்பம் இடும் முன், நமது பெயர் சரியாக இருக்கிறதா என்று வாசித்துப் பார்ப்போம்.

வரும் தை மாதத்தில் பிள்ளைகளோடு முற்றத்துக்கு வாருங்கள். அந்த மூன்று நட்சத்திரங்களைக் காட்டுங்கள். குதிரைத் தலை வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்டவரின் பெயரையாவது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.