16 கோர் இருந்தும் ஏன் இந்தத் தாமதம்?

கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் அக்கா மகன், சென்ற மாதம் புது மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தான். போனஸ் பணம் முழுவதையும் போட்டு, போதாததற்கு அக்காவிடமும் கடன் வாங்கி, 16 கோர் பிராசசர் கொண்ட கணினியை வாங்கியிருந்தான். ஆனால் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

“பழைய கணினியில 4 கோர்தான் மாமா. இது நாலு மடங்கு வேகம்னு கடையில சொன்னாங்க. ஆனா 7 நிமிஷத்துல திறந்த மாடல், இப்பவும் 6 நிமிஷத்துக்கு மேல எடுக்குது. ஏமாந்துட்டேனா?”

மாடலைத் திறக்க விட்டு, விண்டோஸின் ‘டாஸ்க் மேனேஜர்’ பக்கத்தைப் பார்த்தோம். பிராசசரின் மொத்தப் பயன்பாடு பெரும்பாலான நேரம் 6, 7 விழுக்காட்டிலேயே நின்றது. நூறை 16ஆல் வகுத்தால் ஏறக்குறைய அதுதான் வரும். 16 பேரில் ஒருவர் மட்டும் மூச்சுமுட்ட உழைக்க, மற்ற 15 பேர் கைகட்டி நிற்கிறார்கள்! கணினியில் பழுது இல்லை. வேலையின் தன்மை அப்படி.

தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி ஊறிய பிறகுதான் அரைக்கலாம். அரைத்த மாவு புளித்த பிறகுதான் வார்க்கலாம். சமையலறையில் 16 பேர் நின்றாலும் மாவு சீக்கிரம் புளிக்காது. தோசை வார்க்கும்போது மட்டும் 16 கல் இருந்தால் வேலை பறக்கும்.

வடிவமைப்பு மென்பொருள் பலவற்றில் மாடல் என்பது வெறும் படமல்ல. ஒன்றையொன்று சார்ந்த படிகளின் வரிசை. சுவர் எங்கே என்று தெரிந்தால்தான் அதில் கதவைப் பொருத்த முடியும். இயந்திரப் பாகத்தில் துளை போட்ட பிறகே அதன் விளிம்பை வளைக்க முடியும். முந்தைய படியின் விடை வரும்வரை அடுத்த கோர் காத்திருக்கத்தான் வேண்டும்.

மென்பொருளின் வயதும் ஒரு காரணம். ஆட்டோகேட் 1982லும் சாலிட்வொர்க்ஸ் 1995லும் வெளிவந்தவை. வீட்டுக் கணினிகளுக்கு இரட்டைக் கோர் பிராசசர் வந்ததோ 2005ல்தான். ஒரே கோரை நம்பி எழுதிய பழைய நிரல்களைப் பலவற்றுக்குப் பிரிப்பது எளிதல்ல. இரண்டு கோர்கள் ஒரே தகவலை ஒரே நேரத்தில் மாற்றினால் அளவே தப்பாகிவிடலாம்.

கணினி வல்லுநர் ஜீன் அம்டால் 1967லேயே இந்த வரம்பைச் சுட்டிக்காட்டினார். ஒரு கோருக்கு 10 நிமிடம் பிடிக்கும் வேலையில், 6 நிமிடப் பகுதியைப் பிரிக்கவே முடியாது என்று வைத்துக்கொள்வோம். மீதி 4 நிமிடத்தை 4 கோர்கள் பங்கிட்டால் மொத்தம் 7 நிமிடம். 16 கோர்கள் பங்கிட்டால் 6 நிமிடம் 15 விநாடி. ஆயிரம் கோர் போட்டாலும் 6 நிமிடத்துக்குக் கீழே இறங்காது. அக்கா மகனின் கதை இதுதான்.

அப்படியானால் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

முதலில், ஒற்றைக் கோரின் வேகம். கடையில் “எத்தனை கோர்?” என்பதோடு நிறுத்தாமல், “சிங்கிள்-கோர் ஸ்கோர் எவ்வளவு?” என்றும் கேளுங்கள். கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். தலைமுறை மாறினால் அதே எண்ணிலும் வேகம் மாறும். அடுத்து, மாடல் முழுவதும் அடங்கும் அளவுக்கு ரேம். மூன்றாவதாக, நல்ல எஸ்எஸ்டி. அலுவலக நெட்வொர்க்கிலிருந்து திறப்பதைவிட, கணினியிலேயே ஒரு பிரதி வைத்துத் திறப்பது பெரும்பாலும் விரைவாக இருக்கும். நிறுவன விதிமுறை அனுமதித்தால் செய்யலாம்.

கையில் இருக்கும் கணினியிலும் வழி உண்டு. ரெவிட்டில் தேவையான ‘வொர்க்செட்’களை மட்டும் திறக்கலாம். சாலிட்வொர்க்ஸில் பாகங்களை ‘லைட்வெயிட்’ முறையில் ஏற்றலாம்.

ரெண்டரிங் செய்பவர்களுக்கோ நிறைய கோர்கள் வரப்பிரசாதம். படத்தின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கணக்கிட முடியும் என்பதால், 16 கோர்களும் முழுமூச்சாக உழைக்கும். தோசை வார்க்கும் நேரம் அது!

அன்றே அக்கா மகன் தான் வேலை பார்க்கும் தளங்களின் வொர்க்செட்களை மட்டும் திறந்து பார்த்தான். 2 நிமிடத்துக்குள் மாடல் வந்துவிட்டது. “இதைப் பழைய கணினியிலேயே செஞ்சிருக்கலாமே!” என்றான். செய்திருக்கலாம்தான். அக்காவிடம் வாங்கிய கடன் மட்டும் இன்னும் பாக்கி.