புத்தாண்டு இலக்கும் 168 மணி நேரமும்

டிசம்பர் கடைசி வாரம் வந்தாலே நம் பசங்களுக்கு ஒரு வேகம் வந்துவிடும். புது டைரி, புது ஷூ, சுவரில் ஒட்டிய ஏ4 தாள். அதில் பெரிய எழுத்தில்: காலை 4.30க்கு எழுவது, கேட் தேர்வுக்கு 3 மணி நேரம், கோடிங் 2 மணி நேரம், ஆங்கிலம் 1 மணி நேரம், உடற்பயிற்சி 1 மணி நேரம். படிக்கும்போதே நமக்கு மூச்சு வாங்கும். பொங்கல் லீவு முடிந்து வந்து பார்த்தால் தாள் மட்டும் அங்கேயே இருக்கும், ஒரு பக்கம் டேப் கழன்று தொங்கிக்கொண்டு.

இதைக் கிண்டல் செய்வது சுலபம் நண்பர்களே. எனக்குக் கவலை வேறு. தாளில் எழுதியது நடக்காதபோது யாரும் "திட்டம் தப்பு" என்று சொல்வதில்லை. "எனக்கு வில்பவர் இல்லைடா" என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு அரியர், வீட்டில் கல்விக்கடன், இதுதான் கடைசி வருடம் என்று இருக்கும் ஒருவன் தன்னைப் பற்றி ஒவ்வொரு ஜனவரியிலும் இப்படி ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டால் அது சிரிக்கிற விஷயமா? பெரும்பாலும் குறை அவனிடம் இல்லை, போடாமல் விட்ட ஒரு கழித்தல் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

கணக்கைப் போட்டே பார்ப்போமே. வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் நாளைக்கு 7 என்றால் 49 போயிற்று. கல்லூரி 37. பஸ்ஸில் வந்து போகிறவர்களுக்கு 15. குளிப்பது, சாப்பிடுவது, துணி துவைப்பது எல்லாம் சேர்த்து 17. மிச்சம் 50. லேப் ரெக்கார்டு, அசைன்மென்ட், வீட்டு வேலை என்று 15 போனால் 35. செல்போன் நாளைக்கு 3 மணி நேரம் (குறைவாகத்தான் சொல்கிறேன், முறைக்காதீர்கள்) என்றால் 21. கையில் நிற்பது 14. அதாவது நாளைக்கு இரண்டே மணி நேரம். சுவரில் இருக்கும் தாள் கேட்பதோ நாளைக்கு ஏழு! செல்போனைக் கிணற்றில் போட்டாலும் ஐந்துதான் வரும்.

வீட்டிலிருந்து வரும் மாணவிகளில் பலருக்கு இந்தக் கணக்கே வேறு. காலையில் சமையலுக்கு உதவி, சாயங்காலம் பாத்திரம், தம்பிக்குப் பாடம். அவர்களுடைய 14, அநேகமாக 5 அல்லது 6தான். அதே தாளை அவர்களும் நகலெடுத்து ஒட்டிக்கொண்டு, முடியாதபோது தங்களைத்தான் திட்டிக்கொள்கிறார்கள்.

நம் எல்லோருக்குமே நேரத்தைக் குறைத்து மதிப்பிடும் பழக்கம் உண்டு. 1994ல் ரோஜர் பியூலர் முதலிய மூன்று உளவியல் ஆய்வாளர்கள், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாளில் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். மோசமான நிலைமையை யோசித்துச் சொன்ன கணக்கே போதவில்லை பாருங்கள்! அதனால் அடுத்த ஆறு மாதம் என்ன செய்யலாம் என்று கற்பனை செய்வதைவிட, போன செமஸ்டரில் நிஜமாக வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம் என்று எண்ணுவது நல்லது. 4 மணி நேரம் என்றால் இந்த வருடம் 6. 30 இல்லை.

உடனே ஒருவர் வருவார், "பெரிதாகக் கனவு காண வேண்டாமா? கலாம் ஐயா என்ன சொன்னார்?" என்று. சரி, அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 ராக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் இலக்கு சுமார் 40 கிலோ எடையுள்ள ஒரு சின்னச் செயற்கைக்கோளைப் பூமியைச் சுற்ற வைப்பது, அவ்வளவுதான். 1979 ஆகஸ்டில் முதல் முயற்சி கடலில் விழுந்தது. 1980 ஜூலையில் ஜெயித்தது. இன்று இஸ்ரோ டன் கணக்கில் தூக்குகிறது. ஆனால் எடுத்த எடுப்பிலேயே 4 டன் என்று யாரும் தாளில் எழுதவில்லை. கனவைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? இந்த வருடத்து 40 கிலோ எது என்பதுதான் கேள்வி.

இன்னொன்று. "மார்ச்சுக்குள் பிளேஸ்மென்ட்" என்று எழுதுவதும் எனக்கு ஒப்பவில்லை. எந்தக் கம்பெனி வரும், எத்தனை பேரை எடுக்கும் என்பது நம் கையில் இல்லை. பத்து மாதிரி இன்டர்வியூ கொடுப்பது நம் கையில் இருக்கிறது. வேலைக்குப் போன சீனியர்கள் நிலைமையும் இதேதான். விற்பனை டார்கெட்டை மேனேஜர் போடுவார். ஒரு நாளைக்கு எத்தனை வாடிக்கையாளரைப் பார்ப்பது என்பது மட்டும்தான் இவர்கள் போட முடிந்த இலக்கு. அதோடு, பல அலுவலகங்களில் கணக்கு வருடம் ஏப்ரலில்தான் தொடங்குகிறது. ஜனவரி என்பது அங்கே வருடக் கடைசி நெருக்கடி. அந்த நேரத்தில் போய் புது சபதம் எடுத்தால் எப்படி நிற்கும்? ஏப்ரலில் ஆரம்பித்தால் சாமி குற்றமா?

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று ஒரு கதை சுற்றுகிறது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்து வெளியிட்ட ஆய்வில் இடைநிலைக் கணக்கு 66 நாள் என்று வந்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரை. ஜனவரி 1ல் தொடங்கினால் 66வது நாள் மார்ச் 7. அதற்குள் எத்தனை இன்டர்னல் தேர்வு, எத்தனை லீவு! நல்ல சேதி என்னவென்றால், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லையாம். 22வது நாள் தூங்கிவிட்டோம் என்று தாளைக் கிழிக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

நான் எழுதி வைத்திருப்பது இரண்டே வரி. திங்கள் முதல் வெள்ளி வரை இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் ஆப்டிட்யூட் கணக்கு. ஞாயிறு காலை மூன்று மணி நேரம் ஒரு பழைய வினாத்தாள். மொத்தம் 8. மீதி 6 மணி நேரத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். காய்ச்சல் வரும், ரெக்கார்டைத் திருப்பி எழுதச் சொல்வார்கள், தை மாதத்தில் எங்கள் சொந்தத்தில் மட்டும் மூன்று கல்யாணம் இருக்கிறது.