பசுமைக் கட்டட மேற்படிப்பில் சேரும் முன்

பி.ஆர்க். முடித்தவர்களும் சிவில், மெக்கானிக்கல் படித்தவர்களும் விசாரிக்கிற மேற்படிப்புகளில் ஒன்று, வளங்குன்றாக் கட்டட வடிவமைப்பு. வீட்டில் அதற்குப் பெயர் ‘பசுமைக் கட்டடப் படிப்பு’. கூரையில் சோலார் பேனல், பால்கனியில் செடி, கீழே மழைநீர்த் தொட்டி என்று ஒரு படம் மனத்தில் ஓடுகிறது. அடுக்குமாடி விளம்பரங்கள் செய்த உபயம் அது. படிப்பில் இவையெல்லாம் ஓர் ஓரமாக வந்துபோகும். வெப்பமும் வெளிச்சமும் காற்றும் ஈரமும் ஒரு கட்டடத்துக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டிக் கணக்குப் போடுவதும், கட்டி முடித்தபின் கருவியோடு போய் அந்தக் கணக்கு பலித்ததா என்று பார்ப்பதும்தான் அதன் மையம்.

ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். சென்னையில் மேற்குச் சுவரில் நாலடி உயர ஜன்னல். அதன் தலைக்கு மேல் இரண்டடி நீட்டிய சன்ஷேட். மே மாதம் மாலை நாலரை மணிக்கு வெயில் ஏறத்தாழ 27 டிகிரி உயரத்தில், சாய்வாக வருகிறது. அந்தச் சன்ஷேட் ஜன்னலின் மேல் ஓரடிக்குத்தான் நிழல் தரும்; மிச்சம் மூன்றடியில் வெயில் நேராக உள்ளே இறங்கும். அதே சன்ஷேட் தெற்குச் சுவரில், டிசம்பர் நண்பகலில், ஜன்னலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மறைத்துவிடும். இன்னொன்றையும் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சென்னையின் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் நடுவில் பத்து டிகிரி வடக்கே. கோடையில் தெற்குச் சுவர் அநேகமாகத் தப்பித்துவிடும். அடி வாங்குவது கிழக்கும் மேற்கும் மொட்டை மாடியும். ஆகவே நாலு பக்கமும் ஒரே அளவு சன்ஷேட் வைப்பது எலிவேஷனுக்கு அழகு. வெயிலுக்கு அது பொருட்டில்லை. மேற்கே செங்குத்துத் தடுப்போ, வெளிப்புறத் தட்டியோ, மரமோ வேண்டும். இல்லாவிட்டால் மாடிப்படியையும் கழிவறையையும் அந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டும். நம் கொத்தனார்களுக்கும் பழைய வீட்டுக்காரர்களுக்கும் இதில் பெரும்பகுதி அனுபவத்தில் தெரியும். எவ்வளவு, எந்த மணிக்கு, என்ன செலவில் என்பதைச் சொல்லக் கற்றுக்கொள்வதற்குத்தான் இந்த மேற்படிப்பின் இரண்டு வருடம்.

இந்தத் துறைக்கு முறையான மேற்படிப்பு உருவான கதையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய மாணவர் ஒருவர், தனக்குக் கற்பிக்கப்படுவது சொந்த ஊரில் உதவாது என்று முறையிட்டார். 1953-இல் லண்டனில் வெப்பமண்டலக் கட்டடக்கலை மாநாடு கூட அது ஒரு தூண்டுதல். மறு ஆண்டே அங்குள்ள ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் அதற்கென ஒரு துறை திறந்தார்கள். பின்னர் அதற்குத் தலைமை ஏற்றவர் ஓட்டோ கேனிக்ஸ்பெர்கர். ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறி, மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராகப் பணியாற்றியவர்; புவனேஸ்வரத்துக்கு நகரத் திட்டம் வரைந்தவர்; விடுதலைக்குப் பின் மத்திய அரசின் வீட்டுவசதி இயக்குநராக இருந்தவர். அவரும் கார்ல் மஹோனியும் உருவாக்கிய ‘மஹோனி அட்டவணை’யில் ஓர் ஊரின் மாதவாரி வெப்பம், ஈரப்பதம், மழை, காற்று ஆகியவற்றை நிரப்பினால், கட்டடம் எந்தத் திசை பார்க்க வேண்டும், சுவர் கனமா லேசா, ஜன்னல் எவ்வளவு பெரிது என்று வழி சொல்லும். பென்சிலும் தாளும் போதும்.

அந்தத் தாளின் இடத்தில் இன்று கணினி. அமெரிக்க எரிசக்தித் துறை இலவசமாகத் தரும் எனர்ஜி பிளஸ் போன்ற மென்பொருள், வருடத்தின் 8,760 மணி நேரத்துக்கும் கட்டடத்தின் வெப்பநிலையைக் கணக்கிட்டுத் தருகிறது. மாணவர்கள் சறுக்குவதும் இங்கேதான். வண்ண வண்ணமாக வரும் வரைபடத்தைப் பார்த்ததும் அதுவே உண்மை என்று நம்பத் தோன்றும். சென்னைக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் வானிலைக் கோப்பு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் எடுத்த பதிவு. திறந்த வெளியில் வீசும் அந்தக் காற்று மயிலாப்பூர்ச் சந்துக்குள் வருவதில்லை. காகிதத்தில் குறைவாக மின்சாரம் குடித்த கட்டடம், குடி வந்தபின் கூடுதலாகக் குடிப்பது உலகம் முழுக்கக் கண்ட சங்கதி. அதனால் சிமுலேஷன் மட்டும் சொல்லிக் கொடுத்து, ஒரு வெப்பமானியைக்கூடக் கையில் தராத படிப்பை நான் பாதிப் படிப்பு என்றே சொல்வேன்.

அளந்து பார்த்தால் என்ன மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. அலுவலக ஏசியை 22, 23 டிகிரியில் வைப்பதற்குப் பின்னால் இருந்தவை பெரும்பாலும் மேலைநாட்டு ஆய்வுகள். அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களில், 16 அலுவலகக் கட்டடங்களில் வேலை செய்கிறவர்களிடம் மூன்று பருவங்களிலும் கேட்டார்கள். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பதில்கள் வந்தன. ஏசி இல்லாத, காற்றோட்டமான கட்டடத்தில் நம்மவருக்கு இதமான வெப்பநிலை, கடந்த 30 நாள் வெளி வெப்பத்தின் சராசரியை 0.54-ஆல் பெருக்கி 12.83 கூட்டினால் வருவது என்று கண்டார்கள். வெளியே சராசரி 30 டிகிரி என்றால் உள்ளே 29 டிகிரியே இதம். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இந்த முறையை ஏற்றுக்கொண்டது. மின்விசிறி போதுமான கட்டடம் எது, ஏசி தவிர்க்க முடியாதது எது என்று வாதாட நம் ஊர் எண்ணே கையில் கிடைத்தது.

பொருட்களின் பக்கமும் இதே கதைதான். சிமென்ட் ஆலையிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல், சுண்ணாம்புக்கல் சுடப்படும்போது அந்தக் கல்லே விடுவது. எரிபொருளை மாற்றினாலும் அது குறையாது. அதனால்தான் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்ப நிறுவனமும் டெல்லி, சென்னை ஐ.ஐ.டி.களும் சேர்ந்து, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்து அப்படிக் கல்லைச் சுட்டு எடுக்கும் கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் சிமென்டை ஆராய்ந்தன. கணக்கே பார்க்காமல், மண் சுவர் என்றாலே பசுமை, கான்கிரீட் என்றாலே பாவம் என்று பேசுகிற ஆசிரியரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

இனி, கல்லூரி வாசலில் எழும் குழப்பங்கள். லீட், கிரிஹா, ஐ.ஜி.பி.சி. ஆகியவை கட்டடத்துக்கு மதிப்பெண் போடும் முறைகள். அவற்றையொட்டித் தனி ஆட்களுக்கும் தேர்வுகள் உண்டு. லீட் கிரீன் அசோசியேட் தேர்வு இரண்டு மணி நேரம், நூறு கேள்வி. சில வாரம் படித்து எழுதிவிடலாம். முதுநிலைப் பட்டம் வேறு, இது வேறு. ‘இரண்டும் சேர்த்துத் தருகிறோம்’ என்பது விளம்பரத் தந்திரம். அதற்காக ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது, உரிமம். சிவில் முடித்த ஒருவர் கட்டட ஆற்றலில் எம்.டெக். வாங்கினாலும், வெளிநாட்டில் எம்.எஸ்சி. வாங்கினாலும், இந்தியாவில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று பலகை மாட்ட முடியாது. 1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட கட்டடக்கலைப் பட்டம் இருந்து, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவருக்கே அந்தப் பெயர். ஆனால் ஆற்றல் ஆலோசகராக வேலை பார்க்க அந்தப் பதிவு தேவையில்லை.

வேலை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சட்டத்திலிருந்து. 2007-இல் வந்து 2017-இல் திருத்தப்பட்ட ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, 100 கிலோவாட் அல்லது அதற்கு மேல் இணைப்புச் சுமை உள்ள வணிகக் கட்டடங்களுக்கு அளவுகோல் வைத்தது. 2018-இல் வீடுகளுக்கு ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ வந்தது. மாநிலங்கள் இவற்றை எவ்வளவு கறாராக அமல்படுத்துகின்றனவோ அவ்வளவு வேலை. தொடக்கத்தில் அந்த வேலையில் பெரும்பங்கு படிவம் நிரப்புவதாகவும் மதிப்பெண்ணுக்கு ஆவணம் திரட்டுவதாகவும் இருக்கக்கூடும். ஊரையே மாற்றிவிடலாம் என்று வருகிற பிள்ளைகள் இதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

திருச்சி என்.ஐ.டி.யில் இத்துறையில் எம்.ஆர்க். இருக்கிறது, செப்ட்டில் கட்டட ஆற்றல் செயல்திறனுக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. கேட் தேர்வு எழுதி என்.ஐ.டி. போன்ற இடங்களில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கும். பெரிய கடன் வாங்கி வெளிநாடு கிளம்பும் முன் இதையும் கணக்கில் சேருங்கள். அங்கே பனிக்கும் குளிருக்கும் வீடு கட்டும் பாடம் பாதி நேரத்தைத் தின்னுமா என்றும் பாடத்திட்டத்தில் பாருங்கள்.

எந்தக் கல்லூரியானாலும், பணம் கட்டும் முன் போன வருட மாணவர்களின் ஆய்வேடுகளில் இரண்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். ஏதாவது ஓர் உண்மையான கட்டடத்தில், ஒரு வாரமாவது, கருவி வைத்து எடுத்த அளவு அவற்றில் இல்லையென்றால் வேறு கல்லூரி தேடுங்கள்.