குட்டைக் கால் விமானமும் எழுதப்படாத வரியும்

1979-ல் மீனம்பாக்கத்தில் விமானப் பராமரிப்புப் பணியில் சேர்ந்தேன். முதலில் கைவைத்த விமானம் போயிங் 737-200. அதன் குட்டைக் கால் எனக்கு மிகவும் பிடிக்கும். ஏணி வேண்டாம், தரையில் நின்றபடியே எஞ்சின் மூடியைத் திறந்து வேலை பார்க்கலாம். லோடர்கள் பெட்டிகளைக் கையால் தூக்கியே உள்ளே வைத்துவிடுவார்கள். வசதி குறைந்த சின்ன விமான நிலையங்களுக்கும் போகவேண்டும் என்றுதான் 1960களில் அதை அவ்வளவு தாழ்வாக வடிவமைத்தார்கள். எஞ்சினும் சுருட்டுப்போல ஒல்லி. இறக்கையோடு ஒட்டிக்கிடக்கும்.

ஆனால் எரிபொருளை மிச்சம்பிடிக்க எஞ்சினின் முன்விசிறி பெரிதாக வேண்டும். 1984-ல் வந்த 737-300-ல் அது 60 அங்குலம். தரையில் இடிக்காமலிருக்க எஞ்சின் வாயின் அடியைத் தட்டையாக்கினார்கள். 2017-ல் சேவைக்கு வந்த 737 மேக்ஸில் 69 அங்குலம். முன்சக்கரக் காலை 8 அங்குலம் நீட்டி, எஞ்சினை முன்னே தள்ளி மேலேற்றிப் பொருத்தினார்கள். அதனால் சில நிலைகளில் மூக்கு அளவுக்கு மீறி எழும்பப் பார்த்தது. அதை அடக்க எம்.சி.ஏ.எஸ். என்றொரு மென்பொருள் வந்தது. அது வால் ஸ்டெபிலைசரைத் தானாகத் திருப்பி மூக்கை இறக்கும். காற்றின் கோணத்தைச் சொல்ல மூக்கின் இரு பக்கமும் ‘வேன்’ என்ற சிறு தகடு ஒவ்வொன்று உண்டு. இந்த மென்பொருளோ ஒரு நேரத்தில் ஒரே வேனின் பேச்சைத்தான் கேட்டது.

விமானிகளின் கையேட்டில் அப்போது இதைப் பற்றிய விளக்கமே இருக்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பழைய 737 ஓட்டியவர்கள் சிமுலேட்டர் பயிற்சியில்லாமல் மேக்ஸை ஓட்டலாம் என்று சொல்லித்தான் போயிங்காரர்கள் விற்றார்கள். பயிற்சி தேவைப்பட்டால் விமானத்துக்கு 10 லட்சம் டாலர் குறைத்துக்கொள்வதாக ஓர் அமெரிக்க விமான நிறுவனத்துக்கு ஒப்பந்தமே போட்டிருந்தார்கள்.

2018 அக்டோபர் 28 அன்று பாலித் தீவில் ஒரு லயன் ஏர் மேக்ஸுக்கு வேன் மாற்றப்பட்டது. புதிதாகப் பொருத்திய வேன் 21 டிகிரி தப்பாகக் காட்டியது. அன்றிரவே ஜகார்த்தா போகும் வழியில் மூக்கு திரும்பத் திரும்ப இறங்கியது. காக்பிட்டில் இருந்த மூன்றாவது விமானியின் யோசனைப்படி, ஸ்டெபிலைசர் மோட்டாருக்கான ட்ரிம் சுவிட்சுகளை அணைத்து, எப்படியோ கொண்டுபோய் இறக்கினார்கள். ஆனால் லாக் புக்கில் வேகம், உயரம் காட்டும் கருவிகளின் ஸ்னாக் போன்றவைதான் ஏறின. ட்ரிம்மை அணைத்துப் பறந்ததை எழுதவில்லை. இரண்டு வேன்களும் முரண்பட்டால் எரியவேண்டிய எச்சரிக்கையும் அந்த விமானத்தில் வேலை செய்யவில்லை. ஜகார்த்தாவில் இரவுப் பணியில் இருந்த மெக்கானிக்கை நினைத்துப் பார்க்கிறேன். கையில் அந்த லாக் புக். எழுதியிருந்ததைச் சோதித்தார், கையெழுத்திட்டார். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மறுநாள் காலை ஜாவா கடலில் 189 பேர் போனார்கள்.

ஏழை நாட்டு விமானிகளுக்குத் திறமை போதாது என்று அப்போது சிலர் பேசினார்கள். அந்தப் பேச்சு இன்னும் எனக்கு எரிகிறது. 2019 மார்ச் 10 அன்று இன்னொரு மேக்ஸிலும் மூக்கு இப்படி இறங்கியபோது, எத்தியோப்பிய விமானிகள் சொல்லிக்கொடுத்தபடியே ட்ரிம் சுவிட்சுகளை அணைத்தார்கள். அந்த வேகத்தில் ட்ரிம் சக்கரத்தைக் கையால் திருப்ப முடியவில்லை. 157 உயிர்கள் போயின.

அந்த மார்ச்சில் இந்தியாவும் மேக்ஸைத் தரையிறக்கியது. 2021 ஆகஸ்டில் மீண்டும் அனுமதித்தது. இப்போது மென்பொருள் இரண்டு வேன்களையும் ஒப்பிடுகிறது, சிமுலேட்டர் பயிற்சியும் கட்டாயம். நல்லதுதான். ஆனால் விமான நிறுவனங்கள் இங்கே நூற்றுக்கணக்கில் விமானம் வாங்கும் காலம் இது. பழைய பெயரில் புது மாடல் வரும்போதெல்லாம் நமது விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ, "முந்தையதிலிருந்து என்னென்ன மாறியது?" என்று கேட்டு முழுப் பட்டியலை வாங்கவேண்டும். அமெரிக்கா ஒப்புதல் தந்துவிட்டது என்பது அதற்குப் பதிலாகாது. அந்தப் பட்டியல் அலுவலகக் கோப்பில் தங்காமல், ஓட்டுபவர் கைக்கும் இரவில் டார்ச்சோடு விமானத்தைச் சுற்றி வருபவர் கைக்கும் போய்ச் சேரவேண்டும்.

என்னைப் பழக்கிய மூத்தவர் ஷிப்ட் முடியும்போது தினமும் ஒன்று கேட்பார்: "தம்பி, பார்த்ததை எல்லாம் எழுதிட்டியா?" நான் லாக் புக்கை நீட்டுவேன். வரிவரியாக விரல் வைத்துப் படித்து முடித்த பிறகுதான் என்னை வீட்டுக்கு அனுப்புவார்.