எந்த மொழியில் கேட்பது?

மூளையில் கட்டி இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் எம்.ஆர்.ஐ. படம் எடுப்பார்கள் என்பதை நாம் அறிவோம். கட்டி எங்கே, எவ்வளவு பெரிது என்று அது காட்டும். சீழ்க்கட்டியா, புற்றா என்று பிரித்தறியவும் ஓரளவு உதவும். உறுதி செய்வது திசுச் சோதனைதான். ஆனால், அறுவை மருத்துவருக்கு இன்னொரு கேள்வி உண்டு: எந்த இடத்தைத் தொடக்கூடாது?

அதற்குத் துணை செய்வது செயற்பாட்டு எம்.ஆர்.ஐ. இதன் அடிப்படையை 1990இல் ஜப்பானியரான செய்ஜி ஒகாவா குழுவினர் விளக்கினர். மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே உயிர்வளி மிகுந்த இரத்தம் பாய்கிறது. கருவி அதைக் கண்டுகொள்கிறது. விரலை மடக்கச் சொன்னால் அசைவுக்குரிய இடம் தெரியும். சொற்களை நினைக்கச் சொன்னால் பேச்சுக்குரிய இடம் தெரியும்.

சரி, எந்த மொழிச் சொற்களை?

என் பெரியம்மாவுக்கு இச்சோதனை நடந்தபோது மலாய், ஆங்கிலப் பட்டியல்களே இருந்தன. அவரோ தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கடைக்குப் போனால் மலாய் பேசுவார். திட்டுவதும் சாமி கும்பிடுவதும் தமிழில்தான். தமிழில் எழுதித் தர முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். பெயர்ச்சொல் காதில் விழுந்ததும் அதற்கேற்ற வினைச்சொல்லை மனத்துக்குள் நினைக்க வேண்டும். ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். முப்பது சொற்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. அதிலும் 'எழுதுகோல்' என்று ஒன்று! பேனா என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? 'பால்' என்றால் 'குடி' என்று நினைப்பார் என எண்ணினேன். வெளியே வந்தவர், "பால்னதும் மரம் வெட்டுறதுதான் கண்ணு ஞாபகம் வந்துச்சு" என்றார்.

இது வெறும் மொழிப்பற்று அன்று. இருமொழி பேசுவோரின் மூளையில் சில இடங்கள் ஒரு மொழிக்கு மட்டுமே தேவைப்படுவதை ஓஜ்மன், விட்டேக்கர் இருவரும் 1978இலேயே அறுவையின்போது கண்டு எழுதினர். மலாயில் மட்டும் சோதித்தால் தமிழுக்குரிய இடம் படத்தில் தவறிப்போகலாம்.

நம் பேரவை ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துகிறது. நடத்தட்டும். அதோடு மருத்துவம், மொழியியல், தமிழ் பயிலும் நாம் ஒன்றுகூடி ஒரு சொற்பட்டியல் தயாரிக்கலாமே! தோட்டத்துப் பாட்டியிடமும் பட்டணத்துத் தம்பியிடமும் சொல்லிப்பார்த்து, பிறகு மருத்துவர்களிடம் கொடுப்போம். நடைவழியில் உட்கார்ந்து நான் கிறுக்கிய தாளை நம்பி இன்னொரு பெரியம்மா அந்தக் கருவிக்குள் போகக்கூடாது.