ஷிஃப்ட், செமஸ்டர், செரலாக்... இளம் அப்பாக்களுக்கு 24 மணி நேரம் ஏன் பத்தவில்லை?

காலை 5 மணி. ஒரகடம் போகிற கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட்டில் ஒரு 24 வயசு பையன் தூங்கிட்டு இருக்கான். மடியில் டிபன் பாக்ஸ் பை. அதே பைக்குள் ஒரு இன்ஜினீயரிங் மேத்ஸ் புக். சட்டைத் தோளில் மட்டும் வெள்ளையா ஒரு கறை. ராத்திரி குழந்தை கக்கினது.

இவர் ஒரு தனி ஆள் இல்லை. டிப்ளமோ முடிச்சதும் வேலைக்குப் போய், 22, 23 வயசில் கல்யாணம் ஆகி, "டிகிரி இல்லாம இங்கேயே நின்னுடுவோம்" என்ற பயத்தில் மாலை நேரக் கல்லூரியில் சேர்ந்த எத்தனையோ பேரின் கலவை. உங்க ஃப்ரெண்ட்ஸ் குரூப்பில் தேடிப் பாருங்க, ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். அது நீங்களாகக்கூட இருக்கலாம்.

"கஷ்டப்பட்டா முடியும் மச்சி, டைம் மேனேஜ்மென்ட்தான் விஷயம்" என்று அவருக்கு அட்வைஸ் பண்ணாதவங்க கிடையாது. சரி, உண்மையிலேயே முடியுமா? ஒரு பேப்பர், பேனா எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தப்பாகப் போட்ட கணக்கு

தொழிற்சாலையில் மூன்று ஷிஃப்ட். காலை 6 முதல் 2 வரை ஏ. 2 முதல் இரவு 10 வரை பி. 10 முதல் காலை 6 வரை சி. வாரம் மாறினால் ஷிஃப்ட் மாறும். கல்லூரி வகுப்பு மாலை 6 முதல் 9 வரை, வாரத்துக்கு 5 நாள்.

ஏ ஷிஃப்ட் வாரத்தில் பிரச்னை இல்லை. சி ஷிஃப்ட் வாரத்தில் 9 மணிக்கு வகுப்பை முடித்து, பைக்கை விரட்டி, 10 மணிக்கு கேட்டில் பஞ்ச் வைக்கணும். முடியும், ஆனா உயிர் போகும். பி ஷிஃப்ட் வாரத்தில்? வகுப்பு நடக்கிற நேரம் முழுக்க அவர் மெஷின் முன்னாடி நிற்கிறார். அந்த வாரம் மொத்தமும் ஆப்சென்ட்.

15 வாரம் கொண்ட செமஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 75 வகுப்பு நாள். அதில் பி ஷிஃப்ட் 5 வாரம், 25 நாள் போச்சு. மிச்சம் 50. அதாவது 66.7%. பரீட்சை எழுத 75% வேண்டும் என்பது நம்ம ஊர் கல்லூரிகளில் பொதுவான விதி. 65% முதல் 75% வரை இருந்தால், மெடிக்கல் சர்ட்டிஃபிகேட்டும் அபராதமும் கட்டி மன்னிப்பு வாங்கும் வழி பல இடங்களில் உண்டு. 75 நாளில் 65% என்றால் 49 நாள்.

இவர் கையில் இருப்பது 50. தேவை 49. செமஸ்டர் முழுவதுக்கும் மிச்சம் ஒரே ஒரு நாள்!

அந்த ஒரு நாளும் ஒரு புதன்கிழமை காலியாகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடுவது அன்றைக்குத்தான். காலையில் ஊசி, சாயங்காலம் காய்ச்சல். குழந்தை தோளை விட்டு இறங்காது. அம்மாவும் ரெண்டு நாளா தூங்கலை. இவர் வகுப்புக்குப் போகலை. அதுக்கப்புறம் பைக் பஞ்சர் ஆனால்கூட ஷார்ட்டேஜ்தான்.

மன்னிப்பு கேட்க நீட்டும் படிவத்தில் மாணவருக்கு என்ன நோய் என்று கேட்பார்கள். 'குழந்தைக்கு உடம்பு சரியில்லை' என்பதற்குப் பெரும்பாலும் அதில் இடமே இருக்காது.

ஆக, இந்த ஆளின் ஒழுக்கத்திலோ உழைப்பிலோ குறை இல்லை. ஷிஃப்ட் அட்டவணை போட்டவருக்கு இவர் மாணவர் என்று தெரியாது. வகுப்பு அட்டவணை போட்டவருக்கு இவர் ஷிஃப்ட் தொழிலாளி என்று தெரியாது. ரெண்டு பேருக்குமே இவர் ஒரு அப்பா என்று தெரியாது.

சட்டத்தின் கண்ணுக்கு அப்பா தெரிகிறாரா?

குழந்தை பிறந்தால் அம்மாவுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. 2017-ல் மகப்பேறு பலன் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்தது இது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. அமைப்புசாராத் தொழிலில் இருக்கும் பெண்கள் பலருக்கு அது இன்னும் கைக்கு எட்டவில்லை என்பது வேறு கதை. ஆனால், உரிமை என்று எழுத்தில் இருக்கிறது.

அப்பாவுக்கு? மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள். குழந்தை பிறந்த 6 மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். தனியார் நிறுவனத் தொழிலாளிக்குச் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. சில ஐ.டி கம்பெனிகள் தாங்களாகவே கொஞ்ச நாள் கொடுக்கின்றன. அது கம்பெனியின் மனசு. கான்ட்ராக்ட் தொழிலாளி அந்த மனசை எதிர்பார்க்க முடியாது.

எல்லாத் தொழிலாளர்களுக்கும் 15 நாள், தேவைப்பட்டால் 3 மாதம் வரை என்று கேட்டு 2017-ல் நாடாளுமன்றத்தில் ஒரு தனிநபர் மசோதா வந்தது. மகாராஷ்டிர எம்.பி ராஜீவ் சாதவ் கொண்டுவந்தது. அது சட்டமாகவில்லை.

2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஒரு வழக்கு வந்தது. செயற்கைக் கருத்தரிப்பு மூலம் கருவுற்ற மனைவியின் பிரசவத்துக்காக விடுப்பில் போன போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர், விடுப்பு முடிந்தும் திரும்பவில்லை என்று 'பணியை விட்டு ஓடியவர்' பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தார். நீதிபதி எல்.விக்டோரியா கௌரி அந்த உத்தரவை ரத்து செய்தார். அப்பாக்களுக்கான விடுப்புக்குத் தனிச் சட்டம் தேவை என்றும் சொன்னார். ஓர் இன்ஸ்பெக்டருக்கே கோர்ட் வரை போகவேண்டியிருந்தால், ஒரகடம் பஸ்ஸில் தூங்கும் பையன் யாரிடம் போவான்?

அவனிடம் இருப்பது சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு மட்டும்தான். 20 நாள் வேலைக்கு 1 நாள். வருஷத்தில் 300 நாள் வேலை செய்தால் 15 நாள். செமஸ்டர் பரீட்சை, பிரசவம், குழந்தைக்குக் காய்ச்சல், ஊர்த் திருவிழா, மச்சினன் கல்யாணம் எல்லாம் இந்த 15-க்குள்தான்.

இ.எஸ்.ஐ இருந்தால்? குழந்தைக்கு வைத்தியம் உண்டு. ஆனால், அதில் கிடைக்கும் நோய்க்கால ஊதியம் தொழிலாளிக்கே உடம்பு சரியில்லாமல் போனால் மட்டும்தான். காய்ச்சலில் இருக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டால் சம்பளம் கட்.

டெலிவரி வேலை பார்க்கும் அப்பாக்களுக்கு 'லீவு' என்ற வார்த்தையே கிடையாது. "எப்ப வேணா லாகின் பண்ணலாம், எப்ப வேணா லாக் அவுட் பண்ணலாம்" என்பார்கள். உண்மைதான். ஆனா, இரவு 8 மணி பீக் நேரத்தில் குழந்தையைத் தூங்கவைக்க லாக் அவுட் பண்ணினால், அன்றைக்கு இன்சென்டிவ் போச்சு.

கல்லூரியின் கண்ணுக்கு?

2021 டிசம்பரில் யு.ஜி.சி எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு கடிதம் எழுதியது. தாயாகும் மாணவிகளுக்கு வருகைப்பதிவில் சலுகை, தேர்வு விண்ணப்பத்துக்குக் கூடுதல் அவகாசம் போன்றவற்றுக்கு விதிகள் வகுக்கச் சொன்னது. இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் இது பொருந்தும். பிஹெச்.டி படிக்கும் பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. நல்ல விஷயம், வரவேற்போம்.

ஆனால், 'மாணவ அப்பா' என்று ஒரு ஜீவன் இருப்பது அந்தக் கடிதத்தில் தெரியவில்லை. குழந்தை பெறுவது அம்மாதான், சரி. வளர்ப்பது?

"அப்ப ஆம்பளைங்க பாவமா?"

இந்தக் கேள்வி வரும், வரணும். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பாருங்க. 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41% பேர் வீட்டில் இருப்பவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள். ஆண்களில் 21.4% பேர்தான். அப்படி ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு 140 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 74 நிமிடம். சமையல், துவைப்பது எல்லாம் இதில் சேராது. அது தனிக் கணக்கு. அதிலும் இடைவெளி இதைவிட மோசம்.

ஆக, வீட்டில் அதிகம் தேய்வது அம்மாதான். சந்தேகமே வேண்டாம். அப்பாவுக்கு லீவு இல்லை என்பதன் முழு அர்த்தமும் அங்கேதான் இருக்கிறது. அவர் வீட்டில் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்தையும் அவள்தான் நிரப்புகிறாள். குழந்தைக்காக யாராவது ஒருத்தர் படிப்பையோ வேலையையோ விடணும் என்ற பேச்சு வரும்போது, "அவருக்கு லீவு கிடைக்காதும்மா, நீயே விட்டுடு" என்று வீடே சேர்ந்து சொல்லும். அப்பாவுக்குக் கொடுக்காத 15 நாள், அம்மாவிடமிருந்து ஒரு டிகிரியை எடுத்துக்கொள்கிறது.

லீவு கொடுத்தால் எல்லா அப்பாவும் டயபர் மாத்துவாங்களா? மாட்டாங்க. சிலர் அந்த 15 நாளும் மொபைலில் கேம் விளையாடுவாங்க. ஆனா, லீவு இருந்தால் "ஏன் பார்த்துக்கலை?" என்று மனைவி கேட்கலாம். இல்லாதபோது அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை. 'வேலை' என்ற ஒரே சாக்கில் எல்லாரும் தப்பிச்சுடலாம்.

நம்ம வழக்கத்துக்கும் இதில் பங்கு இருக்கு. வளைகாப்பு முடிஞ்சதும் மனைவி அம்மா வீட்டுக்குப் போவார். குழந்தையோடு திரும்புவது மூணாம் மாசமோ அஞ்சாம் மாசமோ. பிரசவித்த பெண்ணுக்கு ஓய்வும் உதவியும் கிடைக்கிற அருமையான ஏற்பாடு அது. ஆனா, அந்த மாசங்களில் அப்பா ஒரு வீடியோ கால் முகம் மட்டும். குழந்தை திரும்பி வரும்போது, தலை நிற்காத பிள்ளையை எப்படித் தூக்கணும் என்ற பாடத்தையே தவறவிட்டிருப்பார். அப்புறம் "அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று பட்டம். தெரிஞ்சுக்க விட்டோமா?

என்ன மாறணும்?

பெரிய பட்ஜெட் கேட்கும் விஷயங்களிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். படிக்கும் தொழிலாளிக்கு செமஸ்டர் நடக்கும் மாதங்களில் ஷிஃப்ட் மாற்றாமல் இருக்கலாம். அல்லது சக தொழிலாளியோடு மாற்றிக்கொள்ள அனுமதிக்கலாம். இதற்குக் கம்பெனிக்குப் பெரிய செலவு இல்லை. மேலே போட்ட கணக்கில் அந்த 25 நாளும் அப்படியே திரும்பி வந்துவிடும்.

கல்லூரிகள், வருகைச் சலுகைப் படிவத்தில் 'குழந்தைப் பராமரிப்பு' என்று ஒரு வரியைச் சேர்க்கலாம். அம்மா, அப்பா இருவருக்கும்.

50 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அங்கே நாளைக்கு 4 முறை போய்ப் பார்க்கும் உரிமையை அம்மாவுக்குத்தான் கொடுத்திருக்கிறது. அதை அப்பாவுக்கும் நீட்டிக்கலாம்.

பெரிய மாற்றம், தனியாருக்கும் பொருந்தும் அப்பா விடுப்புச் சட்டம். ஸ்வீடன் 1974-லேயே பெற்றோர் இருவருக்கும் பொதுவான விடுப்பைக் கொண்டுவந்தது. இன்று அங்கே ஒரு குழந்தைக்கு 480 நாள். அதில் 90 நாள் அப்பாவுக்கே ஒதுக்கப்பட்டது, அவர் எடுக்கவில்லை என்றால் காலாவதி. நாம் 480 கேட்கவில்லை. மத்திய அரசு தன் ஊழியருக்குக் கொடுக்கும் அதே 15-ஐ எல்லோருக்கும் கொடுத்தால் போதும், ஆரம்பத்துக்கு.

அதுவரைக்கும்?

சட்டம் வரும்வரை குழந்தை வளராமல் காத்திருக்காது. இப்ப நீங்க அந்த பஸ்ஸில் இருக்கீங்கன்னா, சில விஷயங்கள்.

தினமும் வகுப்புக்குப் போக முடியாதுன்னா, இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மாதிரியான இடங்களைப் பாருங்க. இக்னோவில் 3 வருட இளநிலைப் பட்டத்தை 6 வருடம் வரை எடுத்து முடிக்கலாம். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம், ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேருவதற்கு முன் உங்க கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்கான்னு யு.ஜி.சி தளத்தில் பாருங்க. இன்ஜினீயரிங்கை மட்டும் தொலைநிலையில் படிக்காதீங்க. அதுக்கு அங்கீகாரம் இல்லை.

நடுவில் நிறுத்த வேண்டி வந்தால், வாங்கிய கிரெடிட் வீணாகாமல் சேமிக்க 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' இருக்கு. உங்க கல்லூரி அதில் சேர்ந்திருக்கான்னு கேளுங்க. 'டிஸ்கன்டின்யூ' பண்றதும் இடைவெளி விடுறதும் ஒண்ணு இல்லை.

முக்கியமா, மனைவியோடு உட்கார்ந்து ஒரே பேப்பரில் ரெண்டு பேர் அட்டவணையையும் எழுதுங்க. உங்க செமஸ்டர் மட்டும் இல்லை, அவங்க விட்டுட்டு வந்த படிப்பும் அதில் இருக்கணும். இந்த வருஷம் உங்க டர்ன்னா, அடுத்து அவங்க டர்ன் எப்பன்னு தேதியோட எழுதுங்க. தேதி இல்லாத வாக்குறுதிகள்தான் பல வீடுகளில் புரோட்டா மாவு மாதிரி இழுத்துக்கிட்டே போகுது.

கல்லூரியை நடுவில் விட்ட இளைஞர்களைப் பற்றிப் பேசும்போது 'பொறுப்பில்லாதவன்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதில் சிலர், ஒரு புதன்கிழமை சாயங்காலம் காய்ச்சலில் கிடந்த குழந்தையைத் தோளிலிருந்து இறக்கிவிட மனசில்லாமல் வீட்டிலேயே இருந்தவர்கள். வருகைப்பதிவேட்டில் அதற்கும் 'ஆப்சென்ட்' என்றுதான் பெயர். அந்த ஒரு நாள் அவர் எங்கே 'பிரசென்ட்'டாக இருந்தார் என்று கேட்கும் ஒரு விதி நமக்கு வேண்டும்.