கொடுப்பதற்கும் ஒரு முறை வேண்டும்

கொடுக்கும் மனம் படைத்தோர் நம் நாட்டில் என்றும் குறைந்ததில்லை. கொடுக்கும் முறையைப் பற்றித்தான் நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை. பொதுப்பணத்தை யாருக்கு, எவ்வளவு, எக்காரணம் பற்றி அளிப்பது என்று தீர்மானிப்பது, அதனைச் சேர்ப்பதைக் காட்டிலும் கடினமான காரியமாகும். ஜவளகிரிப் பகுதியில் நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இதனை அங்கத்தினர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டிய காட்டோர ஊர் ஜவளகிரி. ஓசூரில் பெருந்தொழிற்சாலைகள் ஓங்கி நிற்கின்றன. இங்கோ கேழ்வரகும் கொள்ளும் விளையும் மானாவாரிப் புலங்கள். கதிர் முற்றும் காலத்தில் யானைகள் இறங்கிவிடும். அந்தி சாய்ந்தபின் பிள்ளைகள் வெளியே நடமாடுவது ஆபத்து.

இவ்விரண்டு உலகங்களுக்குமிடையே ஒரு பாலம் அமைக்கச் சட்டமே வழி செய்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்குக் குறையாத நிகர லாபம் ஈட்டுவன முதலான பெரிய கம்பெனிகள், முந்திய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 100-க்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தாம் இயங்கும் இடத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்றும் சொல்கிறது.

காட்டோரச் சிற்றூர் ஒன்றில் மாலை நேரப் பாடசாலை நடத்திவந்த ஒரு சிறு மன்றத்தார் இத்தகைய நிதி கோரி விண்ணப்பித்தார்கள். அவர்கள் கேட்டது பாதையில் நிறுத்தச் சில சூரிய விளக்குகளும், ஆசிரியை ஒருவருக்கு ஓராண்டு ஊதியமுமே. விண்ணப்பப் படிவம் முழுதும் ஆங்கிலம். ஓசூர் சென்று, கூலி கொடுத்து எழுதுவித்தார்கள். ஐந்து மாதங்களுக்குப்பின் “ஏற்கப்படவில்லை” என்று ஒரே வரியில் பதில் வந்தது. காரணம் ஏதும் சொல்லப்படவில்லை. அந்தக் கேழ்வரகுப் பருவத்தில் பாடசாலை மூடப்பட்டது.

கொடுப்போர் பக்கத்து நியாயத்தையும் நாம் மறைக்கலாகாது. கணக்குகளைத் தணிக்கை செய்யும் நமக்குப் போலி ரசீதுகளும் புதியவை அல்ல, எச்சரிக்கை அவசியமே. கம்பெனிகளுக்கும் விதிகள் உண்டு. வெளியார் நடத்தும் தொண்டு நிறுவனத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் வேண்டும்; 2021 ஏப்ரல் முதல் அது மத்திய அரசிடம் பதிவும் பெற்றிருக்க வேண்டும். நம் மன்றம் தோன்றி இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. மறுப்புக்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம். அதனை எடுத்துச் சொல்லியிருந்தால் அவர்கள் ஓராண்டு பொறுத்திருப்பார்கள், அல்லது வேறு வழி தேடியிருப்பார்கள். மறுத்தது குற்றமன்று, காரணம் சொல்லாது மறுத்ததே குற்றம் என்பது நம் கருத்து.

இதற்கு மாற்று உண்டா? அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1914-ஆம் ஆண்டு பிரடெரிக் காஃப் என்ற வங்கியாளர் ஒரு புது வழி கண்டார். பலர் அளிக்கும் கொடைகளை ஒரே பொது நிதியமாக்கி, அவ்வூரையறிந்த குடிமக்கள் கொண்ட குழுவொன்று ஆண்டுதோறும் தேவையறிந்து பகிர்ந்தளிக்க ஏற்பாடு செய்தார். கொடையாளி மறைந்தாலும், தேவை மாறினாலும், குழு மாறுதலுக்கேற்ப முடிவு செய்யும். இம்முறை பின்னர்ப் பல நாடுகளிலும் பரவிற்று.

கூட்டுறவாளருக்கு இக்கருத்து அந்நியமன்று. 1844-இல் தோன்றிய ராச்டேல் முன்னோடிகள் பின்னாளில் தம் உபரியில் 100-க்கு 2½ பங்கைக் கல்விக்கென்றே ஒதுக்கினார்கள். நம் நாட்டின் 1912-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, லாபத்தில் நான்கிலொரு பங்கைக் காப்பு நிதியில் சேர்த்தபின், எஞ்சியதில் 100-க்கு 10-க்கு மேற்படாத தொகையைப் பதிவாளர் அனுமதியுடன் தருமப் பணிக்கு வழங்கலாம் என்றது. 1995-இல் மான்செஸ்டரில் கூடிய அகில உலகக் கூட்டுறவு மாநாடு, சமுதாய நலனில் அக்கறை கொள்வதை ஏழாவது கொள்கையாகவே ஏற்றது.

ஆயினும் நம் சங்கங்கள் சிலவற்றில் பொது நல நிதி எவ்வாறு செலவாகிறது? தலைவர் சுட்டியவருக்குப் போகிறது. மகாசபையில் ஒரு வரியில் வாசிக்கப்படுகிறது. பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டைப் பெருக்கிக்கொள்வது நலம்.

நாம் வேண்டுவன நான்கே. முதலாவது, நிதி உண்டு என்பதும் யாருக்குரியது என்பதும் ஊர்ப் பலகையில் வெளியாக வேண்டும்; இப்பகுதியில் தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் விண்ணப்பம் பெற வேண்டும். இரண்டாவது, விண்ணப்பித்தவர் பணியாற்றும் இடத்தை நேரில் கண்டே முடிவு செய்ய வேண்டும். துணியை விரித்துப் பார்த்துத்தானே நெசவாளர் சங்கம் விலை மதிக்கிறது? அதனைப் பற்றி எழுதிய கடிதத்தைப் பார்த்தன்று. மூன்றாவது, விண்ணப்பித்தவருக்கு உறவினரோ பங்காளியோ ஆனவர் முடிவெடுக்கும்போது வெளியேற வேண்டும். நான்காவது, பணம் தவணைகளில் தரப்பட்டு, செலவுக் கணக்கு மகாசபையில் வாசிக்கப்பட வேண்டும். மறுக்கப்பட்டவருக்குக் காரணம் எழுத்தில் போக வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. நிர்வாகக் குழுவினர் அரைநாள் நடந்து சென்று பார்க்கும் சிரமம் ஒன்றே செலவு. அச்சிரமத்தை முன்பே யாரேனும் மேற்கொண்டிருந்தால், அக்காட்டோரப் பாதையில் இன்று விளக்கு எரிந்துகொண்டிருக்கும். வரும் மகாசபையில் இந்நான்கையும் தீர்மானமாகக் கொண்டுவர நம் சங்கங்கள் முன்வருமென நம்புகிறோம்.